உறைத்தண்ணீர்

நீல டிரம்முக்குள் ஆள்காட்டி விரலை விட்டு, சொட்டாமல் எடுத்து நாக்கில் வைத்துப் பார்த்தாள் பிலோமினம்மாள். காலை ஏழரை மணி. பண்ணையின் தகரக் கொட்டகையில் காற்றுப் பம்பு கொர்கொர்ரென்று ஓடிக்கொண்டிருந்தது. அதிலிருந்து போன ரப்பர் குழாய் டிரம்மின் அடிவரை இறங்கி, உள்ளேயிருந்த பழுப்புத் தண்ணீரை விடிய விடியக் கொப்பளிக்க வைத்திருந்தது. மேலே நாலு விரற்கடை நுரை.

"என்னக்கா சொல்லுது?" ஸ்பாஞ்சுத் துண்டுகளில் கைலான் கீரை நாற்றுகளைச் செருகிக்கொண்டே கேட்டாள் நூருன்னிசா.

"இன்னும் அரை மணி நேரம் கேக்குது. இனிப்பு முழுசாப் போகல."

"கிருமியைப் போய் நக்குறீங்களே, வயிறு என்னத்துக்கு ஆகும்?"

"நல்ல கிருமின்னு சாரே சொல்லியிருக்காருல்ல? உன் வீட்டுத் தயிர்ல இருக்கறது என்ன, முகப் பவுடரா?"

பிலோமினம்மாளின் நாக்கு உட்லண்ட்ஸ் ஏழாம் புளோக் முழுவதும் அறிந்த நாக்கு. அது ருசி பார்க்கப் பிறந்தது என்பது அவள் கட்சி. அவளோடு லிஃப்டில் ஏறி எட்டு மாடி போனவர்களுக்கு வேறு கருத்து உண்டு. ஆனால் ஒன்றை யாரும் மறுக்க முடியாது. தேக்கா சந்தைக்குப் பக்கத்துச் சந்தில் பன்னிரண்டு வருடம் ஆப்பம் சுட்டு விற்றவள் அவள். மாவு எப்போது பொங்கும், எப்போது அடங்கும், எந்த நாள் சோம்பேறித்தனம் பண்ணும் என்று நாக்கை வைத்தே சொல்லிவிடுவாள்.

அவள் புருஷன் பெர்னார்ட் அந்தக் காலத்தில் கள்ளுக்கடையில் வேலை பார்த்தார். ஆப்ப மாவுக்கு வேண்டிய கள் அங்கிருந்து வந்துகொண்டிருந்தது. அரசாங்கம் கள்ளுக்கடைகளை மூடியபோது பெர்னார்டுக்கு வேலை போனது, பிலோமினம்மாளுக்கு மாவு பொங்காமல் போனது. அவர் மூன்று மாதம் முகத்தைத் தொங்கப் போட்டுக்கொண்டு உட்கார்ந்திருந்தார். அவள் முதல் நாள் மாவில் ஒரு குவளை எடுத்து வைத்து மறுநாள் மாவில் கலந்தாள். மூன்றாம் நாளே ஆப்பம் பழையபடி பூத்தது. பிறகு சந்துக் கடைகளையும் ஒழித்துவிட்டார்கள். பெர்னார்ட் கப்பல் பட்டறைக்குப் போய், எண்பத்தைந்தில் நடந்த ஆட்குறைப்பில் அங்கிருந்தும் வீடு திரும்பினார். இப்போது அவர் வேலை பேப்பர் படிப்பது, நாட்டு நிலவரம் பற்றிக் கருத்துச் சொல்வது. சோறு இவள் கையில்.

பண்ணை இருந்த இடம் லிம் சூ காங். முன்பு பன்றி வளர்த்த நிலம். மழை பெய்தால் மண் இன்னும் பழைய குடித்தனக்காரர்களை நினைவுபடுத்தும். ஆனால் இப்போது அங்கே மண்ணுக்கு வேலை கிடையாது. இடுப்பு உயர மேசைகளில் வெள்ளைக் குழாய்கள், குழாய்களில் துளைகள், துளைக்கு ஒரு செடி. தொட்டியிலிருந்து உரத்தண்ணீர் குழாய் வழியே ஓடி, வேர்களை நனைத்துவிட்டு மறுபடி தொட்டிக்கே வரும். மண்ணில்லாத விவசாயம் என்று தொலைக்காட்சியில்கூடக் காட்டினார்கள். அந்தப் படத்தில் பிலோமினம்மாளின் முழங்கை மட்டும் வந்தது. அதை ஏழாம் புளோக்கில் அவள் சொல்லாத வீடு இல்லை.

போன மே மாதம் வேர்கள் அழுகத் தொடங்கின. வெள்ளையாக இருக்கவேண்டிய வேர் பழுப்பாகி, பிடித்து இழுத்தால் ஈரச் சணல்போலக் கையோடு வந்தது. நாலு கொட்டகையில் மூன்று காலி. தவுக்கே என்று எல்லோரும் கூப்பிடும் பண்ணை முதலாளி தலையில் கை வைத்துக்கொண்டார். அப்போதுதான் மேற்பார்வையாளர் இயேசுதாசன் மூன்று வாரப் பயிற்சிக்குத் தைவான் போய்விட்டு, வெள்ளிக் காகிதப் பொட்டலங்களோடு திரும்பி வந்தார்.

"இதுல இருக்கறது நல்ல கிருமி," என்று வேலைக்காரர்களை நிற்க வைத்து விளக்கினார். "சர்க்கரை ஆலையில மிஞ்சுற கறுப்புப் பாகு இருக்குல்ல, மொலாசஸ், அதுதான் இதுக்குச் சாப்பாடு. டிரம்முல தண்ணி, பாகு, இந்தப் பவுடர், மூணையும் போட்டுக் காத்து விட்டா ஒரே ராத்திரியில கோடிக்கணக்கா பெருகும். அதைத் தொட்டியில கொஞ்சம் ஊத்துனா வேரைச் சுத்திக் குடியேறிக்கும். அப்புறம் கெட்ட கிருமிக்கு இடம் ஏது? எச்டிபி அடுக்குமாடி புளோக் மாதிரி லா. எல்லா வீட்டுலயும் ஆள் வந்துட்டா புதுசா எவனும் நுழைய முடியாது."

வாரத்துக்கு ஒரு பொட்டலம், டிரம்முக்கு ஒரு பால் டின் பாகு. அது சட்டம். டிரம்மைப் பார்த்துக்கொள்ளும் வேலை பிலோமினம்மாளுக்கு விழுந்தது. பாகைத் தொட மற்றவர்களுக்கு அருவருப்பு. தாரைப்போல ஒட்டும், நகக்கண்ணில் ஏறினால் இரண்டு நாள் போகாது.

அவள் ஐந்து வாரம் சட்டப்படி நடந்தாள். ஆறாவது வாரம், பொட்டலத்தைக் கிழிக்கக் கத்தரிக்கோலை எடுத்தவளுக்கு, டிரம்மின் அடியில் பொங்கிக்கொண்டிருந்த பழைய தண்ணீரைக் கொட்ட மனசு வரவில்லை. ஆப்பக்காரிக்கு அது அடுக்காது. இரண்டு வாளி நிறுத்திவிட்டு, மேலே புதுத் தண்ணீர் விட்டு, பாகு ஊற்றினாள். பொட்டலம் போட்டால் மறுநாள் மத்தியானம்தான் நுரை கட்டும். இது விடியும் முன்பே கட்டியது. வேரும் பாலாக வெளுத்தது. அன்றிலிருந்து அவள் பொட்டலத்தைக் கிழிக்கவேயில்லை. அடியில் நிறுத்திய தண்ணீருக்கு 'உறைத்தண்ணி' என்று பேர் வைத்தாள். வாரா வாரம் கொடுத்த பொட்டலங்களைப் பிஸ்கட் டின்னில் அடுக்கி, அலமாரியின் மேல்தட்டில் வைத்தாள்.

"சாருகிட்டச் சொல்லிடலாமேக்கா," என்றாள் நூருன்னிசா ஒருமுறை.

"சொன்னா அது அவர் கண்டுபிடிப்பாயிரும். டின்னு நிறையட்டும். மொத்தமா தவுக்கே கையில கொடுப்பேன். அந்த ஆளு மூஞ்சி எப்படி விரியுதுன்னு நீயும் நின்னு பாரு."

தவுக்கே முகம் விரிய வேண்டியதற்குக் காரணம் இருந்தது. சீனப் பெருநாளுக்குப் பிறகு நாற்று நடும் இயந்திரம் வருகிறது என்று சொல்லியிருந்தார்கள். அது வந்தால் இந்தக் கொட்டகையில் இருக்கும் இரண்டு தினக்கூலிப் பெண்களில் ஒருத்திக்குத்தான் இடம். அந்த ஒருத்திக்கு மாதச் சம்பளம், சீருடை, காய்ச்சல் வந்தால் எம்சி, அதாவது சம்பளத்தோடு மருத்துவ விடுப்பு. தினக்கூலிக்கு எம்சி கிடையாது. ஒரு நாள் படுத்தால் ஒரு நாள் பட்டினி. பிலோமினம்மாளுக்கு வயது நாற்பத்து ஏழு. இன்னொரு இடத்தில் போய் நின்றால் வாசலிலேயே வயதைக் கேட்பார்கள். அந்த மாதச் சம்பளத்தை அவள் ஜெபத்தில் வைத்திருந்தாள், நூருன்னிசாவுக்கும் வேறு எங்காவது நல்லதாகக் கிடைக்கட்டும் என்று ஒரு வரியும் சேர்த்து. ஆண்டவர் கஞ்சத்தனமாக நினைத்துவிடக் கூடாதல்லவா?

இயேசுதாசனுக்கும் அவளுக்கும் இன்னொரு உறவு இருந்தது. இரண்டு குடும்பமும் லூர்து மாதா கோயில்தான். பண்ணையில் அவர் 'சார்', அவள் வெறும் 'பிலோமினா'. ஞாயிற்றுக்கிழமை கோயில் படியில் அவர் 'தம்பி', அவள் 'அக்கா'. வயது பதினைந்து குறைந்தவர் திங்கள் காலை ஏழு மணிக்குப் பெரியவராகி, சனிக்கிழமை சாயங்காலம் மறுபடி சின்னவராவதில் யாருக்கும் எந்தச் சங்கடமும் இருந்ததில்லை.

ஜனவரியின் இரண்டாம் ஞாயிறு, பூசை முடிந்து எல்லோரும் படியில் நின்று ஒருவர் சேலையை ஒருவர் மதிப்பிட்டுக்கொண்டிருந்த நேரத்தில், இயேசுதாசன் நேராக இவளிடம் வந்தார்.

"அக்கா, சுகமா? அண்ணே, எப்படி இருக்கீங்க?" பெர்னார்ட் தம்மிடமிருந்த ஒரே வெள்ளைச் சட்டையின் காலரை இழுத்துவிட்டுக்கொண்டு சுகம் என்றார்.

"ஒரு உதவி வேணும்கா. பெருநாளுக்கு முன்னாடி ரெண்டு ஓட்டலுக்கும் சூப்பர்மார்க்கெட்டுக்கும் கைலான் தர்றோம்னு தவுக்கே வாக்குக் கொடுத்துட்டாரு. மழையில செடி வளரவே இல்ல. நாளைக்குக் காலையில பாகை மூணு மடங்கா ஊத்திடுங்க. டிரம்முல வேணாம், நேரா தொட்டியிலயே."

பிலோமினம்மாள் கைப்பையைத் தோளில் ஏற்றிக்கொண்டாள். "வேணாம் தம்பி. சீனி அதிகமாப் போட்ட மாவு என்ன பண்ணும்? ஒரேயடியாப் பொங்கும், அப்புறம் மூச்சு முட்டிச் செத்துப்போகும். அதுவும் உயிர்தானே? கூட்டம் கூடுனா காத்தையெல்லாம் அதுங்களே இழுத்துக்கும். வேருக்கு எது?"

"இது மாவு இல்லக்கா, சயின்ஸ். கிருமி கூடுனா செடி கூடும்."

"கள்ளுப் பானையில நான் பார்த்திருக்கேன்..." என்று பெர்னார்ட் ஆரம்பித்தார்.

"அண்ணே, கள்ளுக்கடைக் காலமெல்லாம் முடிஞ்சு போச்சு லா," என்று சிரித்தபடி அவர் தோளைத் தட்டினார் இயேசுதாசன். பிறகு குரலைத் தாழ்த்தினார். "அக்கா, மாதச் சம்பளத்துக்கு உங்க பேரைத்தான் எழுதி வச்சிருக்கேன். இந்த ஆர்டர் மட்டும் போயிட்டா தவுக்கே கையெழுத்துப் போட்டுடுவாரு. நீங்களே யோசிச்சுக்குங்க."

பஸ்ஸில் வரும்போது பெர்னார்ட், "எழுதிக் கொடுக்கச் சொல்லு. அப்புறம் ஊத்து," என்றார்.

"கோயில் பையன்கிட்ட எழுதி வாங்குவாங்களா? நாளைக்கு அவன் அம்மா மூஞ்சியில முழிக்க வேணாமா?"

திங்கட்கிழமை காலை அவள் அலுவலகத்தை எட்டிப் பார்த்தாள். தவுக்கே காரில் இயேசுதாசன் ஓட்டலுக்குப் போய்விட்டதாகச் சொன்னார்கள். எட்டு மணிவரை காத்திருந்தாள். எட்டரைவரை காத்திருந்தாள். பிறகு கறுப்பு டின்னைத் தூக்கிச் சாய்த்தாள். பாகு அவசரமில்லாமல், தடித்த கயிறாக இறங்கி, தொட்டித் தண்ணீரில் சுருண்டு சுருண்டு அடியில் போய்ப் படுத்தது. மூன்று பங்கு. துடுப்பால் கலக்கினாள். கலக்கும்போது நூருன்னிசாவின் பக்கம் திரும்பவில்லை.

"சார் சொன்னாரா?" என்று நூருன்னிசா கேட்டாள்.

"உம்."

செவ்வாய்க்கிழமை தொட்டியில் வெண்மையாக ஒரு கொழகொழப்பு மிதந்தது. அன்று வெயில் காய்ந்தது. புதன் காலை பதினோரு மணிக்குக் கைலான் இலைகள் ஒவ்வொன்றாகத் தொங்கின. காலடியில் தண்ணீர் ஓடிக்கொண்டிருக்கும்போதே தாகத்தில் வாடிய செடிகளைப் போல அவை குழாயின் மேல் சாய்ந்தன. ஒன்றைப் பிடுங்கிப் பார்த்தாள். வேர் முழுக்கச் சளி. முகர்ந்தாள். முட்டை அழுகிய நாற்றம். பிலோமினம்மாள் ஓடிப் போய்த் தொட்டியைத் திறந்துவிட்டாள், நல்ல தண்ணீரைப் பாய்ச்சினாள், டிரம்மில் இருந்த காற்றுக் குழாயைப் பிடுங்கித் தொட்டிக்குள் செருகினாள். நாலு மணிக்கு, அந்தத் தொட்டியிலிருந்து தண்ணீர் போன இரண்டு கொட்டகையும் படுத்துவிட்டன.

வியாழக்கிழமை விசாரணை. கப்பலில் சாமான் வரும் இரும்புப் பெட்டிக்கு ஜன்னல் வெட்டி ஏர்கான் வைத்திருந்தார்கள், அதுதான் அலுவலகம். தவுக்கே உட்கார்ந்திருந்தார். இயேசுதாசன் பக்கத்தில் நின்றார். பிலோமினம்மாளும் நூருன்னிசாவும் செருப்பை வெளியே விட்டுவிட்டு உள்ளே போனார்கள். குளிர் உள்ளங்காலில் ஏறியது.

தவுக்கேயும் இயேசுதாசனும் ஆங்கிலத்தில் நெடுநேரம் பேசினார்கள். 'மொலாசஸ்' என்ற சொல் மட்டும் ஏழெட்டு முறை வந்துபோனது. பிறகு இயேசுதாசன் திரும்பினார்.

"பிலோமினா, யாரைக் கேட்டு அவ்வளவு பாகு ஊத்துனீங்க?"

அவள் அவரையே பார்த்தாள். அவர் பார்வை அவள் நெற்றிக்குச் சற்று மேலே சுவரில் இருந்த நாட்காட்டியில் நின்றது. அவள் அவரை விட்டுவிட்டுத் தவுக்கே பக்கம் திரும்பி, சந்தையில் பேசிப் பழகிய மலாயில், இவர்தான் ஊற்றச் சொன்னார் என்றாள்.

தவுக்கேவுக்கும் அந்த மலாய் தெரியும். எப்போது என்று கேட்டார். ஞாயிற்றுக்கிழமை என்றாள். ஞாயிறு பண்ணை மூடியிருக்குமே என்றார். பண்ணையில் இல்லை, கோயிலில் என்றாள். தவுக்கே நாற்காலியில் சாய்ந்து சிரித்தார்.

"கோயில்ல சாமிகிட்டத்தான் பேசுவாங்கன்னு நினைச்சேன். கைலான் பத்தியுமா பேசுவாங்க?"

யார் சாட்சி என்று கேட்டார். அவள் புருஷன் என்றாள். அதற்கு அவர் சிரிக்கக்கூட இல்லை.

அங்கேதான் பிலோமினம்மாள் அந்தக் காரியத்தைச் செய்தாள். ஏழாம் புளோக்கில் அதைப் பற்றி இன்றுவரை இரண்டு கருத்து உண்டு. வாயை மூடிக்கொண்டு அழுதிருந்தால் தவுக்கே மன்னித்திருப்பார் என்பார்கள் சிலர். அவளுக்கு அழத் தோன்றவில்லை. இந்த வேலை எனக்கு எவ்வளவு தெரியும் என்று காட்டிவிட்டால் போதும் என்று தோன்றியது. வெளியே ஓடி, வெறுங்காலோடு கொட்டகைக்குப் போய், பிஸ்கட் டின்னைத் தூக்கிக்கொண்டு வந்து மேசைமேல் கவிழ்த்தாள்.

வெள்ளிப் பொட்டலங்கள் சரிந்து விழுந்தன. ஒன்று தவுக்கேயின் கோப்பிக் கோப்பையில் மோதி நின்றது.

"பாருங்க! ஒண்ணுகூடக் கிழிக்கல," என்று பெருமையாக மலாயில் சொன்னாள். "ஆறு மாசமா பழைய தண்ணியை வச்சே புதுசு பண்ணிட்டேன். உங்களுக்கு எவ்வளவு மிச்சம்! இவ்வளவு தெரிஞ்சவ, நானா மூணு பங்கு ஊத்துவேன்?"

இயேசுதாசன் ஒரு பொட்டலத்தை எடுத்து, ஒட்டிய வாயைத் தடவிப் பார்த்தார். முதலில் அவர் முகத்தில் வந்தது ஆச்சரியம்தான். அது பொய் இல்லை. அதற்குப் பிறகுதான் தோள்கள் இறங்கி, மூச்சு சீராகி, குரல் திரும்பியது. தவுக்கேயிடம் ஆங்கிலத்தில் நிதானமாகச் சொன்னார். தவுக்கே மேசைமேல் கிடந்ததை ஒரு முறை பார்த்தார், அவளை ஒரு முறை பார்த்தார்.

"அப்போ ஆறு மாசமா என் தண்ணியில கிருமியே இல்ல," என்றார் மலாயில். "வெறும் சர்க்கரை."

"இருக்கு! டிரம்மைப் போய்ப் பாருங்க, நுரை இருக்கு!"

"சோப்புத் தண்ணியிலயும் நுரை இருக்கும்."

"கிருமி இல்லேன்னா ஆறு மாசம் வேரு எப்படி வெள்ளையா இருந்துச்சு?"

இயேசுதாசன் தமிழிலேயே பதில் சொன்னார். "முதல்ல போட்ட அஞ்சு பொட்டலத்தோட சக்தி அது. இப்பத் தீர்ந்துபோச்சு." பிறகு நூருன்னிசாவிடம் திரும்பினார். "நீ சொல்லு. இவங்க பொட்டலம் கிழிச்சதை நீ பார்த்தியா?"

நூருன்னிசா தன் கால்விரல்களைப் பார்த்தாள். "ஆரம்பத்துல பார்த்தேன் சார்."

"அப்புறம்?"

"இல்ல."

பொய் எதுவும் இல்லை. தினக்கூலிக்கு நோட்டீஸ் தேவையில்லை. இரண்டு மணி லாரியில் போகலாம் என்றார்கள்.

லாரி வரும்வரை கொட்டகைக்கு வெளியே நின்றாள். இரண்டு பேர் நீல டிரம்மை உருட்டி வந்து சாக்கடையில் சாய்த்தார்கள். பழுப்புத் தண்ணீர் நுரைத்துக்கொண்டு ஓடியது. பாதி போன பிறகு பிலோமினம்மாள், "கொஞ்சம் நில்லுங்கப்பா," என்றாள். மத்தியானச் சோற்றோடு கொண்டுவந்த ரோஸ் சிரப் பாட்டிலில் குடிக்கும் தண்ணீர் இருந்தது. அதைக் கீழே ஊற்றிவிட்டு, டிரம்மிலிருந்து கழுத்துவரை பிடித்துக்கொண்டாள். யாரும் தடுக்கவில்லை. அது யாருக்கும் ஒரு பொருளாகப் படவில்லை.

வீட்டில் அந்தப் பாட்டில் அடுப்படி மூலையில் உட்கார்ந்தது. மூன்று நாளைக்கு ஒருமுறை குலா மலாக்கா என்கிற தென்னை வெல்லத்தைச் சுண்டைக்காய் அளவு கரைத்து ஊற்றிக் குலுக்குவாள். மூடியை இறுக்க மாட்டாள்.

"புருஷனுக்குக் கோப்பிக்குச் சீனி இல்ல. சாக்கடைத் தண்ணிக்குக் குலா மலாக்கா," என்பார் பெர்னார்ட்.

"அது கேட்டுச் சாப்பிடுது. நீங்க கேக்காமலே சாப்பிடுறீங்க."

பெருநாள் வந்து போனது. பிலோமினம்மாள் மூன்று தொழிற்சாலை வாசலில் நின்றாள். மூன்றிலும் வயதைக் கேட்டார்கள். கடைசியில் மார்சிலிங்கில் இரண்டு வீட்டில் துணி தேய்க்கும் வேலை கிடைத்தது, அதுவும் வாரத்துக்கு மூன்று நாள். ஞாயிற்றுக்கிழமைகளில் இயேசுதாசன் பீடத்தில் நின்று நிருபம் வாசித்தார். நல்ல உச்சரிப்பு. படியிறங்கும்போது கூட்டத்தின் மறுபக்கத்திலிருந்து, "அக்கா, சுகமா?" என்று கையசைத்தார். அவர் அம்மா பிலோமினம்மாளின் கையைப் பிடித்துக்கொண்டு, "என் மகன் உனக்காக எவ்வளவோ பேசிப் பார்த்தானாம். தவுக்கே கேக்கலயாம்," என்று கண் கலங்கினார். பிலோமினம்மாள் அந்தக் கையை உதறவில்லை. உதறியிருந்தால் அடுத்த ஞாயிறு கோயிலில் யார் பக்கத்தில் உட்காருவது?

மார்ச் மாதம் ஒரு மத்தியானம் கதவு தட்டப்பட்டது. திறந்தால் நூருன்னிசா. வெளிர் பச்சைச் சீருடை, நெஞ்சில் பண்ணையின் பேர் தைத்திருந்தது. ஒரு கையில் பிளாஸ்டிக் பை, இன்னொரு கையில் மடித்த காகிதம்.

"உள்ள வா. என்ன, வெயில்ல? எம்சியா?" என்றாள் பிலோமினம்மாள்.

"இல்லக்கா. வேலையாத்தான் அனுப்பியிருக்காங்க."

அவள் நாற்காலியின் நுனியில் உட்கார்ந்தாள். பெர்னார்ட் பேப்பரை இறக்கவில்லை, ஆனால் பக்கத்தைத் திருப்புவதை நிறுத்திவிட்டார்.

"வேரு மறுபடியும் அழுகுது," என்றாள் நூருன்னிசா. "நீங்க கொட்டுன அந்தப் பொட்டலமெல்லாம் போட்டுப் பார்த்துட்டோம். ஒண்ணும் நுரைக்கல. தகரக் கொட்டகைச் சூட்டுல பவுடர் செத்துப்போயிருக்கும்னு சார் சொன்னாரு. புதுசு வர ஆறு வாரம் ஆகுமாம். அதுவரைக்கும் தாங்காது. நீங்க ஒரு பாட்டில்ல பிடிச்சிட்டுப் போனதை டிரம் உருட்டுன ஆளு சொல்லிட்டாரு."

பெர்னார்ட் பேப்பரை மடித்தார். "அப்ப என் பொஞ்சாதி தண்ணியில கிருமி இருக்கா, இல்லையா? உங்க சார் எதைச் சொல்றாரு?"

நூருன்னிசா காகிதத்தை நீட்டினாள். அவர் வாங்கி, கண்ணாடியைத் துடைத்துப் போட்டுக்கொண்டு, ஆங்கிலத்தை உதட்டுக்குள் படித்துவிட்டுத் தமிழில் சொன்னார். "கம்பெனிச் சொத்தை அனுமதியில்லாம வீட்டுக்கு எடுத்துட்டுப் போயிட்டியாம். உடனே திருப்பிக் கொடுக்கணுமாம். கொடுத்துட்டா மேல நடவடிக்கை எடுக்க மாட்டாங்களாம்." காகிதத்தை மேசைமேல் போட்டார். "கொண்டு போய் சிங்க்ல ஊத்து பிலோ. இவ கண்ணு முன்னாடி ஊத்து."

பிலோமினம்மாள் அடுப்படிக்குப் போனாள். பாட்டில் மூலையில் மெல்லப் பொருமிக்கொண்டிருந்தது. அதன் வயிற்றைத் தொட்டுப் பார்த்தாள். இளஞ்சூடாக இருந்தது. குழாயடியில் கொஞ்ச நேரம் நின்றாள்.

"அக்கா," என்று அடுப்படி வாசலிலிருந்து நூருன்னிசாவின் குரல் வந்தது. "எனக்கு இன்னும் கன்ஃபர்ம் ஆகல. மூணு மாசம் பார்த்துட்டுத்தான் சொல்வாங்களாம். வெறுங்கையோட போனா..."

"அன்னிக்கு வாயைத் திறந்து ஒரு வார்த்தை சொன்னியாடி?"

"சார் கேட்டதுக்குத்தான் பதில் சொன்னேன். நீங்களும் சார்னா பயப்படலயா? வேணாம்னு தெரிஞ்சுதானே ஊத்துனீங்க?"

பிலோமினம்மாள் திரும்பிப் பார்த்தாள். பிறகு பாட்டிலைத் துடைத்து, பழைய துணியைச் சுற்றி, கொண்டுவந்து மேசைமேல் வைத்தாள்.

"மூடியை இறுக்கிடாதே, வெடிச்சிரும். பஸ்ல மடியில வச்சுக்க, வெயில் படாத பக்கமா உக்காரு. மொதல்ல ஒரு வாளித் தண்ணி, ஒரு கரண்டி பாகு. அது நுரைச்ச அப்புறம்தான் டிரம். அவசரப்பட்டு அள்ளி ஊத்தாதீங்க. தொட்டியில பாகைக் காட்டவே கூடாது, கேட்டுதா? உங்க சார் சொன்னாலும் கூடாது."

"சரிக்கா."

"எனக்கு எழுத்துல வேணும். என் தண்ணியை வாங்கிக்கிட்டோம்னு எழுதிக் கொடுக்கச் சொல்லு. இந்தத் தடவை வாய்ப் பேச்சு ஆகாது."

நூருன்னிசாவின் முகம் தெளிந்தது. இதற்குத் தயாராக வந்திருந்தாள். பிளாஸ்டிக் பைக்குள்ளிருந்து ஒரு படிவத்தை எடுத்தாள். இரண்டு பிரதி, நடுவில் கார்பன் தாள். கீழே இயேசுதாசனின் கையெழுத்து, நிறுவன முத்திரை, எல்லாம் முன்கூட்டியே இருந்தன. "சார் கொடுத்து அனுப்பியிருக்காரு. உங்க கையெழுத்து மட்டும்தான் பாக்கி."

பிலோமினம்மாள் படிவத்தை இரண்டு கையாலும் வாங்கினாள். முத்திரையை விரலால் தடவினாள். நிமிர்ந்து புருஷனைப் பார்த்த பார்வையில், ஏழு வாரத்தில் முதல் தடவையாக, ஒரு கர்வம் இருந்தது. "படிங்க. சத்தமா."

பெர்னார்ட் வாங்கினார். மேலிருந்து கீழே ஒருமுறை கண்ணை ஓட்டிவிட்டு நிறுத்தினார்.

"படிங்கன்னா."

"பொருள், கழிவு நீர்," என்றார் பெர்னார்ட். "அளவு, ஒரு பாட்டில்."

பாட்டில் துணிக்குள் உஸ்ஸென்றது. பிலோமினம்மாள் பேனாவை வாங்கி, எழுத்துக் கூட்டி, முழுப் பேரையும் தமிழில் எழுதினாள். 'ள்' வளைவு கோட்டைத் தாண்டிப் போனது.

"இது என்ன கட்டம்? எழுதாமக் கிடக்கு?" என்று விரலை வைத்துக் கேட்டாள்.

"பதவி," என்றார் பெர்னார்ட்.

"அதுல கோடு போட்டுரச் சொன்னாருக்கா," என்றாள் நூருன்னிசா. சீருடைப் பையிலிருந்து ஒரு சின்ன அடிக்கோலை எடுத்து, கட்டத்தின் குறுக்கே வைத்து, கார்பன் தாளில் பதியும்படி அழுத்தி, நேராக ஒரு கோடு போட்டாள்.